கிணறு அவருடையது, தண்ணீர் யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தண்ணீரை விற்கலாமா கூடாதா என்று பேச்சு வந்தாலே நம் ஆட்கள் நேராக வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள். கோவையில் 2018-ல் குடிநீர் விநியோகத்தை 26 ஆண்டுகளுக்கு சூயஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்திடம் கொடுத்தபோது எழுந்த எதிர்ப்பை நான் குறை சொல்லவில்லை, கேட்க வேண்டிய கேள்விகள்தான் அவை. ஆனால் சென்னைப் புறநகரில் இருக்கிற எங்களுக்குத் தண்ணீர் எப்போதோ கடைச்சரக்காகிவிட்டது, அதற்கு எந்தக் கம்பெனியும் வரவேண்டியிருக்கவில்லை. மேடவாக்கம், சிறுசேரி பக்கம் எத்தனையோ அடுக்குமாடிகளில் சம்ப் நிரம்புவது லாரியால், குடிப்பது கேன் தண்ணீர். இதை எதிர்த்து யாரும் கொடி பிடிப்பதில்லை. லாரி வராவிட்டால்தான் சத்தம் போடுகிறோம்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் வயற்காட்டுக் கிணறுகளிலிருந்தும் போர்வெல்களிலிருந்தும். நெல் போட்டு நஷ்டப்படுவதைவிட லோடு கணக்கில் தண்ணீரை விற்பது லாபம் என்று ஒரு விவசாயி நினைத்தால் அவரை மட்டும் திட்டிப் பயனில்லை. ஆனால் அவர் மோட்டார் ராத்திரி பகலாக ஓடினால் பக்கத்து வயல்காரரின் கிணறும் ஊர்ப் பொதுக் கிணறும் சேர்ந்தே இறங்குகின்றன, பூமிக்குள் வரப்பு கிடையாதே! (விவசாயத்துக்கென்று அரசு தரும் இலவச மின்சாரத்தில் இறைத்த தண்ணீர் லாரியில் ஏறினால், அதற்கு நாம் எல்லோரும் சேர்ந்து மானியம் கொடுக்கிறோம் என்று அர்த்தம்.) கிராம மக்கள் தண்ணீர் லாரிகளைச் சிறைபிடித்தார்கள் என்று உங்கள் பத்திரிகையில் ஒரு மூலையில் வருகிற செய்திக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், வெள்ளைக்காரன் காலத்து 1882 வசதியுரிமைச் சட்டத்தின்படி தன் நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீரை எடுத்துக்கொள்ள நிலத்துக்காரருக்கு உரிமை உண்டு. ஏற்றமும் மாடு பூட்டிய கவலையும் வைத்து இறைத்த காலத்தில் சரி, ஆழ்துளைக் கிணறும் நீர்மூழ்கி மோட்டாரும் வந்த பிறகும் அதையே பிடித்துக்கொண்டிருப்பது என்ன நியாயம்? கேரளத்தின் பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலை நிலத்தடி நீர் எடுத்தது பற்றிய வழக்கில் 2003 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் மக்களுக்குச் சொந்தம், அரசு அதற்கு அறங்காவலர் மட்டுமே என்று தெளிவாகச் சொன்னார். 2005-ல் அதே நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்ச் (இரு நீதிபதிகள் அமர்வு) அதை மாற்றிவிட்டது. நம் மாநிலத்தின் கதை இன்னும் வேடிக்கை. 2003-ல் தமிழ்நாட்டுக்கென்று நிலத்தடி நீர்ச் சட்டம் இயற்றினார்கள், பத்து வருடம் அதை நடைமுறைக்கே கொண்டுவராமல் வைத்திருந்துவிட்டு 2013-ல் ரத்து செய்தார்கள்.

அப்புறம் 2018 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், உரிமம் இல்லாமல் வணிகத்துக்கு நிலத்தடி நீர் எடுப்பதைத் திருட்டாகவே கருதி வழக்குப் போடலாம் என்றது. உடனே லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம், நகரமே தவித்தது. அடுத்த ஆண்டே சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

தண்ணீர் உரிமை என்றால் எல்லாமே இலவசம் என்று நான் சொல்லவில்லை. ஏரியிலிருந்து எடுத்து, சுத்தம் செய்து, குழாயில் வீடு வரை கொண்டுவரச் செலவாகும், அதற்குக் கட்டணம் வாங்குங்கள், இரண்டு மோட்டார் வைத்துத் தோட்டத்துக்கும் காருக்கும் ஊற்றுகிறவரிடம் கூடுதலாகவே வாங்குங்கள். ஆனால் இன்று நடப்பது தலைகீழ். குழாய் இணைப்பு இருக்கிற வீட்டுக்காரர் பெரும்பாலும் எவ்வளவு தண்ணீர் செலவழித்தாலும் ஒரே தொகை கட்டுகிறார், இணைப்பே இல்லாத குடும்பம் குடிக்கிற தண்ணீரைக் கேன் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறது. லிட்டர் கணக்குப் போட்டுப் பார்த்தால் இல்லாதவர்தான் அதிகம் கொடுக்கிறார்.

எனவே நிலத்தடி நீர் பொதுச் சொத்து என்று சொல்லும் ஒரு சட்டத்தைச் சட்டமன்றம் கொண்டுவர வேண்டும், இந்த முறை நடைமுறைக்கும் சேர்த்து. லாரிக்குத் தண்ணீர் கொடுக்கிற ஒவ்வொரு கிணற்றிலும் மீட்டர் வேண்டும், எவ்வளவு எடுக்கலாம் என்று சொல்வதில் அந்த ஊர் கிராமசபைக்கும் பங்கு வேண்டும். குழாய் வராத புறநகர்த் தெருக்களுக்கு எந்த வருடம் வரும் என்று குடிநீர் வாரியம் வார்டு வாரியாக வெளியிடட்டும். அதுவரை லாரியை ஒரேயடியாக நிறுத்தச் சொல்ல எங்களாலும் முடியாது.

இப்படிக்கு,
சென்னைப் புறநகர் வாசகர் ஒருவர்