பகலில தொடங்கு, மகள்

அன்பு மகளுக்கு,

போனில கதைச்சால் சின்னவன் பக்கத்தில நிண்டு கேட்டிருவான். ஒன்பது வயசுப் பிள்ளை, இரவில சலம் போய் தன்ட பாய் நனையிற கதையை அம்மாவும் அம்மம்மாவும் கதைக்கக் கேட்கக் கூடாது. அதாலதான் எழுதுறன். வாசிச்சுப்போட்டு மருமகனுக்குக் காட்டு, வேற ஒருத்தருக்கும் வேணாம்.

இது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை. இரவில சலம் ஊறுறதைக் குறைக்கிற ஹோர்மோன் சில பிள்ளைகளுக்குப் போதிய அளவு சுரக்கிறதில்லை. சிலருக்குச் சலப்பை நிரம்ப முதலே சுருங்கிப்போகும். நிரம்பினது மூளைக்குத் தெரிஞ்சாலும் நித்திரை கலையாத பிள்ளைகளும் இருக்கு. கூடுதலாக இதெல்லாம் கலந்துதான் வரும். மருமகனுக்கும் சின்னனில இருந்ததெண்டு உன்ட மாமி சொன்னவ தானே. தாய் தகப்பனில ஒருத்தருக்கு இருந்தால் நூறு பிள்ளைகளில 40 பேர் அளவுக்கு வரும். பத்து வயசிலயும் நூற்றுக்கு 5 பிள்ளைகள் இப்படித்தான். அடிச்சோ ஏசியோ இதை நிப்பாட்டின ஆள் இல்லை.

நீ இரவு பதினொரு மணிக்குத் தூக்கிக்கொண்டு போய் இருத்துறதாகச் சொன்னாய். அதால பாய் காயும், பிள்ளை பழக மாட்டான். அரை நித்திரையில சலம் போறதுதான் பழகும். வேலை இரவில இல்லை மகள், பகலில.

பள்ளிக்குக் கொண்டு போற தண்ணிப் போத்தல் எப்படித் திரும்பி வருது எண்டு பார். ரொயிலெற் நாறுதெண்டு கன பிள்ளைகள் பள்ளியில தண்ணி குடிக்கிறதுமில்லை, ஒண்டுக்குப் போறதுமில்லை. ஒண்டரைக்கு வீட்டை வந்து, சோறு திண்டு, புலமைப்பரிசில் வகுப்புக்கு ஓடி, ஆறு மணிக்கு வந்துதான் செம்பு செம்பாகக் குடிக்கிறது. அந்தத் தண்ணிதான் இரவில பாய்க்கு வருது. நாளைக்கு ஒண்டரை லீற்றர் அளவில வேணும், வெயில் காலத்தில இன்னும் கூட. மத்தியானத்துக்குள்ள அஞ்சில ரெண்டு பங்கு, பின்னேரம் அஞ்சு மணிக்குள்ள இன்னும் ரெண்டு பங்கு, மிச்ச ஒரு பங்குதான் இரவைக்கு. விளையாடிப்போட்டு வந்து தாகமெண்டால் மறிக்காத. மொத்தத் தண்ணியைக் குறைக்கிறது பெரிய பிழை. சலம் கடுமையாகி சலப்பையை உறுத்தும், கூடப் பிடிச்சுவைக்கவும் அது பழகாது. தேத்தண்ணி, கோப்பி, கோலா பின்னேரத்தில வேணாம். படுக்க முதல் குடுக்கிற மைலோவையும் காலைக்கு மாத்து.

ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா போகவேணும், நாளைக்கு அஞ்சு தொடக்கம் ஏழு தரம். கேட்டவுடன விடச் சொல்லி வகுப்பு ரீச்சருக்கு ரெண்டு வரி எழுதிக் குடு, காரணம் எழுதத் தேவையில்லை. இரவில பல்லுத் தீட்ட முதல் ஒருக்கா, விளக்கை நூர்க்க முதல் இன்னொருக்கா. ரொயிலெற் வளவுக்குள்ள தள்ளி இருக்கிறதால முழிச்சாலும் இருட்டுக்குப் பயந்து படுத்துக்கிடப்பான். அறைக்குள்ள மூடியோட ஒரு வாளி வை, சின்ன லைற் ஒண்டு எரியட்டும்.

மலச்சிக்கலைத்தான் எல்லாரும் விட்டுப்போடுவாங்க. மலக்குடல் சலப்பைக்குப் பின்னால ஒட்டினமாதிரிக் கிடக்கு. அது இறுகி நிரம்பினால் சலப்பையை நெருக்கும், இடம் குறையும். தினமும் போறான் எண்டு நம்பிவிடாத. ஆட்டுப் புழுக்கை மாதிரிப் போறதா, போக முக்குறானா, கழிசானில கறை படுதா எண்டு பார். கறையைக் கழுவாத குறையெண்டு ஏசிப்போடுவம், உண்மையில இறுகின மலத்தைச் சுத்தி ஒழுகிறது அது. பாணைக் குறைச்சு, சிவப்பரிசிச் சோறு, குரக்கன் பிட்டு, கங்குன், பப்பாப்பழம் குடு. காலமைச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிசம் அவசரமில்லாமல் இருக்கட்டும். டொக்டர் லக்ருலோஸ் பாணி தந்தால் மலம் இளகின அண்டே நிப்பாட்டாத. இழுபட்ட குடல் சுருங்க மாசங்கள் எடுக்கும்.

ஒரு கொப்பியில ரெண்டு கிழமைக்கு எழுது: எத்தினை மணிக்கு என்ன குடிச்சான், எப்ப போனான், இரவில எப்ப நனைஞ்சது, நனைஞ்சது பெருசா சின்னனா. ஞாயிற்றுக்கிழமை அவன் போற சலத்தை அளவு ஜக்கில பிடிச்சு அளந்து பார். வயசோட ஒண்டைக் கூட்டி 30ஆல பெருக்கினால் சலப்பை கொள்ளக்கூடிய அளவு, அவனுக்கு 300 மில்லிலீற்றர். எப்பவும் அதில பாதிதான் வருதெண்டால் பகல் பழக்கத்துக்கே கூட நாள் விடவேணும். படுத்துக் கொஞ்ச நேரத்திலயே பாய் தோய நனைஞ்சால் இரவுச் சலம் கூட. ஒரே இரவில சின்னச் சின்னனாகப் பலதரம் நனைஞ்சால் சலப்பை பொறுக்கிறதில்லை. கிளினிக்கில இந்தக் கொப்பிதான் உதவும்.

ஒருக்கா டொக்டரிட்டக் காட்டிச் சலம் சோதி. பகலிலயும் நனைச்சால், சலம் போக எரிஞ்சால், ஒழுக்கு மெல்லிசானால், இரவில பலத்த குறட்டை விட்டால், நடை மாறினால் பிந்தாத. ஆறு மாசத்துக்கு மேல காய்ஞ்சு கிடந்து திரும்பத் தொடங்கினாலும் காட்டவேணும். தாகமும் மெலிவும் சேர்ந்தால் அது சீனி வருத்தமாக இருக்கலாம், அண்டைக்கே மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிவா.

பகல் சரிவந்தும் பாய் நனைஞ்சால் அலாரம். கழிசானில கொழுவுற சென்சரில ஒரு துளி பட்டவுடன அடிக்கும். முதல் கிழமைகளில வீடே எழும்பும், அவன் மட்டும் எழும்ப மாட்டான். கன பேர் அதோட விட்டிடுவாங்க. நீ போய் முழுசாக எழுப்பு, அவன்ட கையாலயே நிப்பாட்டி, நடந்து போய் மிச்சத்தைப் போகட்டும். நனையிற வட்டம் சின்னனாகிறதும் நேரம் பிந்துறதும்தான் நல்ல குறி. தொடர்ந்து 14 இரவு காயும் வரைக்கும் கழட்டாத, ரெண்டு மூண்டு மாசம் எடுக்கலாம். மாரியில தொடங்கினால் துணி காயாமல் நீதான் களைச்சுப்போவாய், கோடையில தொடங்கு. இறப்பர் சீற், பெட்சீற், திரும்ப இறப்பர் சீற், பெட்சீற் எண்டு விரி. நனைஞ்சால் மேல ரெண்டையும் உருவிப்போட்டுப் படுக்கலாம். அதைத் துணி வாளிக்குள்ள போட அவனும் கைகுடுக்கட்டும், தண்டனையாக இல்லை.

இரவுச் சலத்தைக் குறைக்கிற டெஸ்மோபிரசின் குளிசை டொக்டர் எழுதினால்தான். மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு வந்து எங்களோட தங்கிற நாட்களுக்கு உதவும், நிப்பாட்டினால் அனேகமாகப் பாய் நனையிறது திரும்ப வரும். குளிசைக்கு ஒரு மணித்தியாலம் முதல் இருந்து எட்டு மணித்தியாலம் பிந்தும் வரைக்கும் ரெண்டு மிடறுக்கு மேல தண்ணி குடிக்கக் கூடாது. குடிச்சால் உடம்பில உப்புக் குறைஞ்சு வலிப்புக் கூட வரலாம். சத்தி, வயிற்றோட்டமெண்டால் அண்டைக்குக் குளிசை வேணாம்.

மாமி நூல் கட்டச் சொன்னால் கட்டு, அவவின்ட மனமும் ஆறட்டும். காய்ஞ்ச இரவுக்குப் பரிசு குடுக்காத, அது அவன்ட கையில இல்லை. போத்தலை முடிச்சுக்கொண்டு வந்தால், நீ சொல்லாமலே ஒண்டுக்குப் போனால், அதுக்குக் குடு.

ரெண்டு கிழமை முடிஞ்சதும் கொப்பிப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பு. இறப்பர் சீற்றுக்குக் கட்டில் அளவையும் எழுதிவிடு, அப்பா டவுணில வாங்கி பஸ்ஸில குடுத்துவிடுவார்.

அன்புடன்,
அம்மா