செயற்கைக்கோளுக்கு உரிமம் தரும் அரசுகளுக்கு ஒரு திறந்த மடல்

வியன்னாவில் கூடும் ஐ.நா. விண்வெளி அமைதிப் பயன்பாட்டுக் குழுவின் உறுப்பு நாடுகளுக்கு,

வணக்கம். இணையம், படமெடுப்பு என்று தொடங்கிய தனியார் விண்வெளித் தொழில் இப்போது தரவு மையங்களையே சுற்றுப்பாதைக்குக் கொண்டுபோகப் பார்க்கிறது. போர் மூண்டால் இவற்றை நம்பியிருக்கும் சாதாரண மக்களின் கதி என்ன என்று உங்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. உரிமம் தருவது நீங்கள்தான்.

2022 பிப்ரவரி 24-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைவதற்குச் சற்று முன்பு, அமெரிக்காவின் வயாசாட் நிறுவனம் நடத்தும் கேஏ-சாட் என்ற செயற்கைக்கோள் இணைய வலையமைப்பு தாக்கப்பட்டது. செயற்கைக்கோளை யாரும் தொடவில்லை. தரையிலிருந்த மேலாண்மை வலையமைப்புக்குள் புகுந்து, அங்கிருந்தே பல்லாயிரம் மோடம்களைச் செயலிழக்க வைத்தார்கள். ஜெர்மனியில் 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்க முடியாமல் போனது. அவற்றை நடத்தியவர்களுக்கும் அந்தப் போருக்கும் என்ன சம்பந்தம்? உக்ரைன் ராணுவம் பயன்படுத்திய அதே சேவைக்கு அவர்களும் சந்தாதாரர்கள், அவ்வளவுதான்.

அதே ஆண்டு அக்டோபரில், ராணுவத்துக்கு உதவும் வணிகச் செயற்கைக்கோள்கள் பதிலடிக்கு உரிய இலக்காகலாம் என்று ரஷ்யப் பிரதிநிதி ஐ.நா.விலேயே சொன்னார். பலர் அதிர்ந்தார்கள். ஆனால் ராணுவத் தகவலைச் சுமக்கும் எதுவும் இலக்காகலாம் என்பது போர்ச் சட்டத்தில் பழைய விஷயம். மருத்துவமனையின் தொடர்பையும் டிரோனுக்கான கட்டளையையும் ஒரே செயற்கைக்கோள் சுமக்க அனுமதித்தோமே, அதுதான் என்னைக் கலங்கடிக்கிறது.

அப்புறம், சேவையை நிறுத்தும் அதிகாரம். தனியார் செய்வதற்கும் அரசே பொறுப்பு என்று 1967 விண்வெளி ஒப்பந்தத்தின் 6-ஆம் பிரிவு சொல்கிறது. நடப்பில் என்ன? ரஷ்யா பிடித்துவைத்திருக்கும் கிரிமியாவுக்கு அருகே தன் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையச் சேவையை இயக்கித் தரும்படி உக்ரைன் கேட்டதைத் தான் ஏற்கவில்லை என்று எலான் மஸ்க்கே சொன்னார். அவர் முடிவு சரியா தவறா என்பது வேறு விவாதம். ஒரு தனிமனிதர் எடுக்கும் முடிவா அது? 2025 மார்ச்சில் நேர்மாறாக நடந்தது. அமெரிக்க அரசு தன் திட்டத்தின் வழியாக உக்ரைனுக்குக் கிடைத்துவந்த மாக்சார் என்ற தனியார் நிறுவனத்தின் செயற்கைக்கோள் படங்களைச் சில நாட்கள் நிறுத்தியது. முதலாளி நிறுத்தினாலும் அரசு நிறுத்தினாலும், துண்டிக்கப்படுபவருக்கு முறையிட ஓர் இடம் இல்லை. நாளை ஒரு நாட்டின் வங்கிக் கணக்குகளும் நோயாளிகளின் பதிவேடுகளும் சுற்றுப்பாதைத் தரவு மையத்துக்குப் போனால்? ஒப்பந்தத்தின் 8-ஆம் பிரிவுப்படி அந்தக் கோள் மீதான அதிகாரம் அதைப் பதிவுசெய்த நாட்டுக்கே. தரவுக்குச் சொந்தக்கார நாட்டின் நீதிமன்றம் ஓர் அதிகாரியை அனுப்பிக் கதவைத் தட்டவும் முடியாது.

செயற்கைக்கோளை நேரடியாகத் தகர்த்தால் சேதம் எதிரியோடு நிற்காது. 2021 நவம்பரில் ரஷ்யா காஸ்மோஸ் 1408 என்ற தன் பழைய செயற்கைக்கோளை ஏவுகணையால் உடைத்தபோது, கண்காணிக்கக்கூடிய அளவில் மட்டும் 1,500-க்கு மேற்பட்ட துண்டுகள் பரவின. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இருந்தவர்கள், ரஷ்யர்கள் உட்பட, விண்கலங்களுக்குள் ஒதுங்க வேண்டியிருந்தது. 1972 இழப்பீட்டு ஒப்பந்தப்படி தரையில் விழுந்து சேதமானால் ஏவிய நாடு கட்டாயம் ஈடு தர வேண்டும்; விண்வெளியில் மோதினால் தவறு யாருடையது என்று நிரூபித்தாக வேண்டும். எந்தத் துண்டு எந்தக் கோளிலிருந்து வந்தது என்று எப்படி நிரூபிப்பது?

கருத்தொற்றுமையால் முடிவெடுக்கும் குழு நீங்கள். புது ஒப்பந்தத்துக்குப் பல ஆண்டுகள் ஆகும் என்பது தெரியும். ஆனால் உரிம நிபந்தனைகளை மாற்ற ஒவ்வொரு அரசும் மற்றவர்களுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ராணுவச் சேவையைத் தனிக் கோள்களில் நடத்தச் சொல்லுங்கள். செலவு கூடும் என்று நிறுவனங்கள் சொல்லும். கூடும்தான், அதை ராணுவங்கள் ஏற்கட்டும். பொதுமக்கள் சேவையை முன்னறிவிப்பும் முறையீட்டு வழியும் இல்லாமல் துண்டிக்கக் கூடாது என்று எழுதுங்கள். கோள்களைத் தகர்க்கும் ஏவுகணைச் சோதனை வேண்டாம் என்ற பொதுச்சபைத் தீர்மானத்தை 2022 டிசம்பரில் 155 நாடுகள் ஆதரித்தன. அது யாரையும் கட்டுப்படுத்தாது. அன்று கையுயர்த்திய நாடுகள் அதையே தங்கள் உள்நாட்டுச் சட்டமாக்குவதில் தொடங்கலாம்.