ஆய்வு முடிந்தது, ஒலிப்பதிவு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலை பஸ் நிலையத்துக்குக் கிட்ட பதினான்கு வருடமாகத் தட்டச்சு, போட்டோ கொப்பி, பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். நான் பல்கலைக்கழகம் போனவன் அல்ல. ஆனால் கலை, சமூக விஞ்ஞானத் துறைகளில் முதுமாணி ஆய்வு செய்கிற பிள்ளைகள் கடைசி வாரத்தில் ஓடி வருவது என்னைப் போன்றவர்களிடம்தான். அந்த உரிமையில், அவர்கள் ஆய்வுத் தரவைக் கையாளும் விதம் பற்றி எழுதுகிறேன்.

ஒரு தங்கச்சி, மூதூர்ப் பக்கம் மீனவக் குடும்பங்களிடம் எடுத்த நேர்காணல்களைத் தட்டச்சுச் செய்யக் கொண்டு வந்தார். பென்டிரைவைப் போட்டுப் பார்த்தால் 'புதிய ஒலிப்பதிவு 1' தொடங்கி 'புதிய ஒலிப்பதிவு 23' வரை நிற்கிறது. எது யாருடையது? பட்டியல் ஒரு கொப்பியில் இருந்ததாம், கொப்பி மழையில் நனைந்து போனதாம். ஒவ்வொன்றிலும் முதல் ஐந்து நிமிடம் கேட்டு, குரலை வைத்து ஆளைப் பிடித்தோம். நாலு பேரைக் கடைசி வரை பிடிக்கவே முடியவில்லை. திகதி, இடம், ஒரு குறியீட்டு எண் என்று கோப்புக்குப் பெயர் வைக்க ஒரு நிமிடம் போதும். அதை யாரும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லவில்லை.

இன்னொருவர் ஆறு வருடத்துக்கு முன் முதுமாணி முடித்தவர். கலாநிதிப் பட்டத்துக்குப் பழைய எழுத்துப்படிகள் தேவைப்பட்டுத் திறந்தால், ஒரே ஆங்கில எழுத்துக் குப்பை, மெய்யெழுத்துக்கு மேல் புள்ளி வர வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி (;). எனக்குப் பார்த்தவுடன் விளங்கியது. பாமினி, அதாவது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தைக் காட்டுகிற பழைய எழுத்துரு. அவருடைய புது மடிக்கணினியில் அந்த எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடு முறைக்கு மாற்றிக் கொடுத்தேன். ஆனால் இடையிடையே ஆங்கிலத்தில் அடித்திருந்த சொற்கள் எல்லாம் அர்த்தமில்லாத தமிழாக மாறிவிட்டன. இரண்டு நாள் உட்கார்ந்து திருத்தினார். தமிழில் ஆய்வு செய்கிறவர்களுக்கு இது முதல் பாடமாக இருக்க வேண்டாமா? ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கையேடுகளில் பாமினியைப் பற்றி ஒரு வரியும் இராது.

இதெல்லாம் நேரம் வீணாகிற கதை. எனக்கு உறுத்துவது வேறு. நேர்காணல் கொடுப்பவர் கையெழுத்து வைக்கிற ஒப்புதல் படிவத்தில் 'இந்த ஒலிப்பதிவை ஆய்வாளர் தவிர வேறு எவரும் கேட்க மாட்டார்கள்' என்று இருக்கிறது. அந்தப் படிவத்தைப் போட்டோ கொப்பி அடித்தவனும் நான், ஹெட்செட் மாட்டிக்கொண்டு அந்த ஒலிப்பதிவைக் கேட்கிறவனும் நான். காணாமல் போன மகனைப் பற்றி ஒரு அம்மா அழுதழுது சொன்னது என் கடைக் கணினியில் கிடக்கிறது. பக்கத்து மேசையில் யாரோ ஒருவர் வேலை விண்ணப்பம் அடித்துக்கொண்டிருக்கிறார்.

பெயரை மாற்றிவிட்டோம், பயமில்லை என்கிறார்கள். ஒரு ஆய்வேட்டில் பெயர் மாற்றியிருந்தது, சரி. ஊர் இருந்தது, கணவர் இல்லாமல் போன வருடம் இருந்தது, எத்தனை பிள்ளைகள், எந்தப் பாடசாலையில் சமைக்கிறார் என்பதும் இருந்தது. இரண்டாம் பக்கம் தட்டச்சுச் செய்யும்போதே எனக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. நம் ஊர்கள் அவ்வளவு சிறியவை. 2022 இல் நம் நாட்டில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 9 ஆம் இலக்கச் சட்டமாக வந்தது. இனம், மதம், அரசியல் கருத்து, உடல்நலம் பற்றிய விபரங்களுக்கு அது கூடுதல் கவனம் கேட்கிறது. நம் பிள்ளைகள் வடகிழக்கில் சேகரிப்பதில் பாதி அந்த வகைதான்.

ஆகவே பல்கலைக்கழகங்களிடம் ஒரு கோரிக்கை. ஆய்வுத் தரவைக் கையாளுவது பற்றி முதுகலை மாணவருக்கு இரண்டு நாள் செயலமர்வு வையுங்கள். தமிழில் வையுங்கள், மாணவர் களத்துக்குப் போகும் முன் வையுங்கள். ஆய்வேடு கையளிக்கிற மாதத்தில் வைத்துப் பிரயோசனமில்லை. குத்துவிளக்கு, வரவேற்புரை, நன்றியுரை குறைத்து மடிக்கணினியோடு உட்கார வையுங்கள். உண்மைப் பெயரும் குறியீட்டு எண்ணும் உள்ள பட்டியலைக் கடவுச்சொல் போட்டு வேறிடத்தில் வைப்பது எப்படி, வேறொருவர் தட்டச்சுச் செய்வதென்றால் அதைப் படிவத்தில் முன்கூட்டியே சொல்லி, அவரிடமும் கையெழுத்து வாங்குவது எப்படி, எந்தத் தரவை எத்தனை வருடம் வைப்பது, எதை அழிப்பது, இவற்றைச் செய்து பழகட்டும். எங்களைப் போன்ற கடைக்காரரையும் ஒரு மணித்தியாலம் கூப்பிட்டால் வருவோம்.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்பது கணினிக்காரர் சொல்கிற பழைய விதி. 1981 இல் யாழ் நூலகம் எரிந்ததையும் 2004 இல் கடல் உள்ளே வந்ததையும் பார்த்த நமக்கு அதை விளக்கத் தேவையில்லை. ஆனாலும் ஒரே பென்டிரைவோடுதான் வருகிறார்கள். அல்லது பல்கலைக்கழக மின்னஞ்சல் கணக்கில் ஏற்றி வைத்து, படிப்பு முடிந்து கணக்கு மூடப்பட்ட பிறகு தலையில் கை வைக்கிறார்கள்.

இங்கிலாந்தில் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் சமூக ஆய்வுத் தரவுக்கென்றே 1967 முதல் ஒரு காப்பகம் இயங்குகிறது. ஒருவர் சேகரித்ததை, உரிய நிபந்தனையோடு, அடுத்தவர் பயன்படுத்தலாம். இங்கே ஒரே கிராமத்துக்கு மூன்றாவது மாணவர் போய் அதே கேள்வியைக் கேட்கிறார். 'இதைத்தானே தம்பி போன முறை வந்த பிள்ளையிடமும் சொன்னேன்' என்று ஒரு ஐயா சலித்துக்கொள்வதை ஒலிப்பதிவிலேயே கேட்டிருக்கிறேன்.

பி.கு.: என் மேசை லாச்சியில் மாணவர்கள் விட்டுப்போன நாலு பென்டிரைவ்கள் கிடக்கின்றன. மேலே சொன்ன காரணத்தால் திறந்து பார்க்கவில்லை. உரியவர்கள் இந்த மாத முடிவுக்குள் வந்து, நிறத்தையும் அடையாளத்தையும் சொல்லி எடுத்துக்கொள்ளலாம். பிறகு உடைத்துப் போட்டுவிடுவேன்.

இப்படிக்கு,
தட்டச்சுக் கடைக்காரர்,
திருகோணமலை.