தண்ணீர் எப்படி வழிகிறது என்று பார், அண்ணா

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீ, அண்ணி, அம்மா எல்லோரும் நலமா? போனில் அம்மா "துப்பாக்கி கம்பெனியிலா வேலை?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டார்கள். இதைப் படித்துக் காட்டிவிடு. நாங்கள் துப்பாக்கி செய்வதில்லை. வேறு கம்பெனியில் மில்லிங் முடித்து அனுப்பும் அலுமினியத் துப்பாக்கிக் கூடுகளுக்கு (உள் பாகங்கள் பொருத்தும் உடல் பகுதி) ஆனோடைசிங், அதாவது ஆசிட்டில் மின்சாரம் விட்டு மேலே கெட்டியான படலம் ஏற்றும் வேலை, செய்து கொடுக்கிறோம். ஆனால் சீரியல் நம்பர் பொறித்த அந்த வெறும் கூடே அமெரிக்கச் சட்டப்படி துப்பாக்கிதான், அதனால் ஒவ்வொன்றாக எண்ணிப் பூட்டிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவோம்.

சரி, இனி உனக்கு. அம்பத்தூரில் நாம் ஜன்னல் சட்டத்துக்குச் செய்கிற அதே வரிசைதான் இங்கேயும்: கிரீஸ் எடுத்து, காஸ்டிக்கில் முக்கி, நைட்ரிக்கில் முக்கி, நடுநடுவே கழுவி, அப்புறம் சல்ஃப்யூரிக் டேங்க். உலோகம்தான் வேறு. இது 7075 என்கிற அலுமினியக் கலவை, துத்தநாகமும் தாமிரமும் கலந்தது, காஸ்டிக்கிலிருந்து எடுத்தால் அடுப்புக்கரி பூசின மாதிரி கறுப்பாக வரும். முதல் நாள் ஜாப் கெட்டுவிட்டது என்றே பயந்துபோனேன். நைட்ரிக்கில் இறக்கியதும் கரி போய்ப் பளிச்சென்று ஆனது.

டேங்க் கிட்டத்தட்ட 0 டிகிரியில் ஓடுகிறது. சூடு ஏறினால் படலம் மிருதுவாகிப் பொடி உதிரும், நம் மே மாதக் கஷ்டம் உனக்கே தெரியும். படலம் 50 மைக்ரான், பாதி உள்ளே போகும், பாதி வெளியே வளரும், ஆகவே ஒரு ஓட்டையின் விட்டம் 50 மைக்ரான் குறைந்துவிடும். அளவு மாறக்கூடாத ஓட்டைக்கும் மரைக்கும் ரப்பர் பிளக் அடைக்கிறோம். இரும்புப் பின் ஒன்றுகூட உள்ளே தங்கக் கூடாது, ஆசிட் தின்றுவிடும்.

போன வாரம் ஒரு தப்பு செய்தேன். கழுவி எடுத்த பாகத்தில் தண்ணீர் ஒரே விரிப்பாக வழிய வேண்டும், எண்ணெய்ப் பசை ஒட்டியிருந்தால் பிரிந்து நிற்கும். இரண்டு பாகத்தில் மட்டும் தாமரை இலைத் தண்ணீர் போலத் திட்டுத் திட்டாகப் பிரிந்து நின்றது, பார்த்தேன், லாட் போகிற அவசரத்தில் விட்டுவிட்டேன். கறுப்புச் சாயம் ஏறி வந்தபோது பக்கவாட்டில் ஒரு கட்டைவிரல் ரேகை, கோடு கோடாக, அப்படியே இருந்தது. யாரோ கிளவுஸ் இல்லாமல் தொட்டது. படலத்தைக் கரைத்துத் திரும்பப் போடலாம்தான், ஆனால் அதற்குள் போன உலோகம் திரும்ப வராது, அளவு குறைந்துவிடும். இரண்டையும் ஒதுக்கிவிட்டார்கள். சூப்பர்வைசர் திட்டவில்லை, எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை.

அண்ணா, நம் பட்டறையில் சாயம் ஏறாமல் திட்டுத் திட்டாக வந்தபோதெல்லாம் சாயத்தைத்தான் குறை சொன்னோம். இனி பாகங்களை மாட்டிய ராக்கை டேங்கில் இறக்கும் முன் அரை நிமிடம் தூக்கிப் பிடித்துத் தண்ணீரைப் பார்க்கச் சொல்லு. காஸ்டிக்குக்கும் நைட்ரிக்குக்கும் சேர்த்து ஒரே கழுவுத் தொட்டி வைத்திருக்கிறாயே, அது வேண்டாம், இன்னொன்று கட்டு. அதற்கான பணத்தை அடுத்த மாதச் சம்பளத்தில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
தம்பி