நோட்டின் கடைசிப் பக்கத்துக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

போன வாரம் விடுதி அறையைக் காலி செய்தபோது முதல் செமஸ்டர் நோட்டு ஒன்று கைக்கு வந்தது. கணக்குப் பாடமெல்லாம் முடிந்த பிறகு, கடைசிப் பக்கத்தில் பச்சை மையில் ஆறு வரிகள். மேலே 'மதுரையை விட்டுப் போவதற்குள்' என்று தலைப்பு. அறைத்தோழிகள் அதை என் பக்கெட் லிஸ்ட் என்பார்கள். அவர்களும் ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். அவற்றில் கடலும் பனிமலையும் இருந்தன. என்னுடையதில் இருந்தவை இவை: சமணர்மலையில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் உள்ள ஒரு கல்வெட்டையாவது நானே வாசிப்பது, ஒரு தெருக்கூத்தை விடிய விடியப் பார்ப்பது, மார்கழி முழுக்கக் கோலம் போடுவது, அழகரோடு மலையிலிருந்து வைகை வரை நடப்பது, பறை அடிக்கக் கற்றுக்கொள்வது, தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் ஆடல் மகளிரின், பெயர்களைத் தேடிப் பார்ப்பது.

ஆறில் ஐந்து நடந்துவிட்டது. நான் எம்.எஸ்ஸி. கணிதம் படித்தவள். சாத்தூர்ப் பக்கத்துச் சின்ன ஊர். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் கல்லூரி வாசலை மிதித்தவர் இல்லை. இந்த ஐந்தில் ஒன்றைக்கூட நான் தனியாகச் செய்யவில்லை. உங்கள் பெயர்களைப் பொதுவில் போட வேண்டாம் என்று உங்களில் பாதிப் பேர் சொல்லிவிட்டதால் யார் பெயரையும் எழுதவில்லை. யாருக்கு எது என்று உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி விடுதிக் காப்பாளர் அம்மாவுக்கு. பெண்கள் விடுதிக் கதவு மாலை ஆறரைக்கு மூடிவிடும். பையன்கள் விடுதிக்கு அந்தக் கணக்கு இல்லை. அது எனக்கு இரண்டு வருடமும் வலித்த விஷயம், இப்போதும் வலிக்கிறது. கூத்து பார்க்க வேண்டும், இரவு முழுக்க வெளியே இருக்க வேண்டும் என்று கடிதம் எழுதிக்கொண்டு போனபோது, அம்மா அதை இரண்டு முறை படித்தார்கள். "காரணம்னு சொந்த வேலைன்னு எழுதாத. கூத்துன்னே எழுது. நான் கையெழுத்துப் போடுறேன்" என்றார்கள். பொய் எழுதாமல் வெளியே போகலாம் என்று எனக்கு முதலில் சொன்னவர் அவர்தான்.

அடுத்தது, தொல்லியல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயாவுக்கு. சனிக்கிழமை சாயங்காலம் நூலகத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எனக்கும் இன்னும் மூன்று பேருக்கும் வட்டெழுத்து கற்றுக் கொடுத்தீர்கள். ஒரு ரூபாய் வாங்கவில்லை. பாண்டிய நாட்டில் பதினோராம் நூற்றாண்டு வரை சாதாரணமாகப் புழங்கிய எழுத்து இது, சோழர்கள் வந்த பிறகுதான் மெல்ல ஒதுங்கியது என்று முதல் நாள் சொன்னீர்கள். கணக்குப் படிக்கும் பிள்ளைக்கு எதற்கு இது என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. கல்வெட்டிலிருந்து தாளில் எடுத்த பழைய மைப்படிகளை விரித்து வைத்து, கல்லைத் துடைப்பது, ஈரத்தாளை ஒட்டுவது, பிரஷ்ஷால் தட்டித் தட்டித் தாளை எழுத்துக்குள் இறக்குவது, அதற்கு மேல் மை ஒற்றுவது என்று எல்லாவற்றையும் கையால் செய்து காட்டினீர்கள். வட்டெழுத்தில் புள்ளி கிடையாது, மெய்யா உயிர்மெய்யா என்று நாமே இடம் பார்த்துப் படிக்க வேண்டும். ப-வும் வ-வும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். எத்தனை முறை மாற்றிப் படித்தேன்! ஒருமுறைகூட நீங்கள் 'தப்பு' என்று சொன்னதில்லை. "இன்னொரு தரம் பாரும்மா" என்பீர்கள், அவ்வளவுதான்.

சமணர்மலை அடிவாரத்துக் கீழக்குயில்குடிக்குப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை. அய்யனார் கோயிலையும் தாமரைக் குளத்தையும் தாண்டி, பாறையில் வெட்டிய படியேறிப் பேச்சிப்பள்ளத்துக்குப் போனோம். சுனைக்கு மேலே பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், சமணர்கள் வணங்கும் அருளாளர்களின் சிற்பங்கள். ஒவ்வொருவருக்கும் கீழே எழுத்து. நான் போய் நின்றபோது எனக்குக் கல்தான் தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. அழுகை வந்துவிடும்போல இருந்தது. ஐயா பையிலிருந்து டார்ச்சை எடுத்தார். நேராக அடிக்கவில்லை. கல்லோடு கல்லாக ஒட்டி வைத்து, பக்கவாட்டில் அடித்தார். அவ்வளவு நேரம் வெறும் சொரசொரப்பாக இருந்த இடத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் ஒரு நிழல் விழுந்தது. ஒரு நொடியில் வரி எழுந்து நின்றது. விரலைக் கல்லில் படாமல் காற்றில் வைத்து, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். அச்சணந்தி. அது ஐயா ஏற்கெனவே சொல்லித் தந்த பெயர். யானைமலையிலும் உத்தமபாளையத்திலும் ஐவர்மலையிலும் பொறித்திருக்கும் சமண முனிவர் பெயர். அடுத்தது தா, யா, ர... தாயார். அதற்கு அடுத்து குணமதியார். 'அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி.'

செய்வித்த என்பதில் அந்த வ வந்ததும் நின்றுவிட்டேன். ஐயா பேசாமல் டார்ச்சை மட்டும் கொஞ்சம் திருப்பினார். வ தான்.

ஆயிரம் வருடத்துக்கும் மேலாக ஒரு அம்மாவின் பெயர் அங்கே வெயிலிலும் மழையிலும் நின்றுகொண்டிருக்கிறது. மகனால் அறியப்பட்டாலும், சிற்பத்தைச் செய்ய வைத்தவர் அவர்தான் என்று அந்த வரி தெளிவாகச் சொல்கிறது. ஐயா, அன்றைக்கு நான் உங்களிடம் ஒன்றும் சொல்லாமல் சுனைப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன். மரியாதைக் குறைவாக நினைத்திருக்க மாட்டீர்கள் என்று தெரியும். சொல்ல வேண்டிய நன்றியை இப்போது சொல்கிறேன்.

இறங்கும்போது கால் பிசகி உட்கார்ந்துவிட்ட என்னை, கீழே ஆலமரத்துப் பக்கம் கடை வைத்திருக்கும் அப்பத்தா, "ஏத்தா, இப்படியா பொட்டப்பிள்ளை பாறையில ஓடுவ" என்று திட்டிக்கொண்டே மஞ்சள் பற்றுப் போட்டுத் துணியைக் கிழித்துக் கட்டினார். கருப்பட்டிக் காப்பிக்குக் காசும் வாங்கவில்லை. அப்பத்தா, வீக்கம் மூன்றே நாளில் வற்றிவிட்டது.

கூத்து பார்த்த கதைக்கு வருகிறேன். எங்கள் பக்கம் தெருக்கூத்து கிடையாது. அது வட மாவட்டங்களின் சொத்து. செய்யாறு பக்கத்து ஊரைச் சேர்ந்த என் வகுப்புத் தோழி, "எங்க ஊர்ல பாரதம் வெச்சிருக்காங்க, வரியா?" என்று கேட்டாள். திரௌபதியம்மன் கோயிலில் பகலில் பிரசங்கியார் பாரதம் சொல்வார், ராத்திரி கூத்து. நாங்கள் போன இரவு கர்ண மோட்சம். அந்த ஊர்க் கூத்து வாத்தியார், நான் எதற்காக வந்திருக்கிறேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, வேஷம் கட்டும் இடத்திலேயே என்னை உட்கார வைத்தார். வாத்தியாரே, அந்த ஒரு மணி நேரத்தை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். கர்ணன் வேஷம் கட்டும் அண்ணன் கையகலக் கண்ணாடியை முழங்காலில் சாய்த்து வைத்துக்கொண்டு, தானே முகத்தில் எண்ணெய் தேய்த்து, தானே வண்ணம் பூசி, குச்சியால் புருவம் இழுத்து, கன்னத்தில் புள்ளி வைத்தார். காலையில் அவர் செங்கல் சூளை வேலைக்குப் போனவர் என்று தோழியின் அம்மா சொல்லியிருந்தார். புஜத்தில் கட்டை, மார்பில் பதக்கம், தலையில் கிரீடம் என்று ஒவ்வொன்றாக ஏற ஏற, அவர் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. அந்தக் கட்டையெல்லாம் கல்யாணமுருங்கை மரம். கையில் எடுத்துப் பார்க்கச் சொன்னார். பார்க்கத்தான் கனம், எடுத்தால் பஞ்சு. கண்ணாடிச் சில்லுகள் ஒவ்வொன்றிலும் குண்டு பல்பு மின்னியது. கடைசியாகக் கிரீடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வைத்தபோது, அதற்குப் பிறகு அவரை 'அண்ணே' என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

இரண்டு பேர் திரையைப் பிடிக்க, பின்னால் இருந்து பாட்டு. சின்ன நாகஸ்வரம் மாதிரியான முகவீணையின் குரல் அவ்வளவு மெல்லிசாக, அவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைத்ததே இல்லை. கூத்தை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் கேள்வி கேட்கக் கேட்க, திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் ஆடியது. மூன்று மணி வாக்கில் எனக்குக் கண் சொக்கிவிட்டது. பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த ஆயா, யார் பெற்ற பிள்ளை என்றுகூடத் தெரியாது, என்னைத் தட்டி எழுப்பி, "பொன்னுருவி கிட்ட சொல்லிக்கினு போற கட்டம் வருது, இதுக்குப் போய் தூங்குவியா? மூஞ்சிய கழுவிக்கினு வா" என்று சொம்பில் தண்ணீர் கொடுத்தார். போய்க் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். கர்ணன் மனைவியிடம் விடைபெறுகிறான். போனால் திரும்பி வரமாட்டான் என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். வருடா வருடம் பார்ப்பவர்கள். ஆனாலும் அந்த ஆயா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிழக்கு வெளுக்கும்போது கிருஷ்ணர் கிழப்பிராமணராக வந்து புண்ணியத்தைத் தானம் கேட்டார். எழுப்பிவிட்ட அந்த ஆயாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. தோழி, இதை அவருக்குப் படித்துக் காட்டிவிடு.

மார்கழிக் கோலத்துக்கு விடுதியைப் பெருக்கும் அக்காதான் குரு. காலை ஐந்து மணிக்கு வாசல் தெளித்துவிட்டு என் ஜன்னலைத் தட்டுவார். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே மாவை எவ்வளவு பிடிப்பது, எப்போது கையை லேசாகத் தூக்குவது என்பதற்கே எனக்கு ஒரு வாரம் ஆனது. சிக்குக்கோலத்தில் அவருக்கு இருக்கும் அறிவு என்னை அசத்தியது. பதினைந்து புள்ளி, ஊடுபுள்ளி எட்டு வரை வைத்து முடித்ததும், இழையே இழுக்காமல் புள்ளியைப் பார்த்தே, "இதை நீ நினைக்கிற மாதிரி சுத்துனா ஒரே இழையா வராது, மூணாப் பிரியும்" என்பார். இழுத்துப் பார்த்தால் மூன்று. நான் தாளும் பேனாவுமாக அரைமணி நேரம் உட்கார வேண்டிய கணக்கு அது. அக்கா, என் ப்ராஜெக்டின் நன்றிப் பக்கத்தில் உங்களைச் சேர்க்கக் கேட்டபோது 'இது வழக்கம் இல்லை' என்றார்கள். அந்தக் குறை எனக்குத் தீரவே இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்: கோலம் பற்றிய அந்த ப்ராஜெக்ட் கட்டுரையின் இரண்டாம் பகுதி உங்களிடம் கற்றது.

பறை கற்றுத் தந்த அண்ணனுக்கு. வைக்கோலில் தீ மூட்டித் தோலைக் காய்ச்சுவதும், வலது கையில் அடிக்குச்சியும் இடது கையில் நீளமான சிண்டுக்குச்சியுமாக இரண்டு கையையும் வேறு வேறு ஆளாக்குவதும் உங்களிடம் கற்றேன். உங்கள் அப்பா சாவு வீட்டில் அடித்துவிட்டு வாசலுக்கு வெளியிலேயே நின்று கூலி வாங்கிய கதையை ஒருநாள் சொன்னீர்கள். அதே பறையை எங்கள் ஊர்த் தெருவில் நான் தோளில் மாட்டிக்கொண்டு வந்தபோது சிலர் முகம் சுளித்தார்கள். நான் இறக்கவில்லை அண்ணே. எனக்கு இன்னும் நான்கு அடிதான் ஒழுங்காக வரும். ஆனால் அந்த நான்கையும் எங்கே வேண்டுமானாலும் நிமிர்ந்து அடிப்பேன்.

அழகர்கோயிலிலிருந்து வைகைக்கு இருபது கிலோமீட்டர் போல. பல்லக்கு, வழியில் அழகர் தங்கிப் போகும் மண்டகப்படிகள் ஒவ்வொன்றிலும் நின்று நின்று வருவதால் இரண்டு ராத்திரி. வழி நெடுக நீர்மோரும் பானகமும் ஊற்றியவர்களை எண்ண முடியாது. மதுரைக்காரர்கள் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்று மயங்கி உட்கார்ந்த என் தோழியைத் தல்லாகுளத்தில் வீட்டுக்குள்ளே கூட்டிப்போய்க் கட்டிலில் படுக்க வைத்த குடும்பத்துக்கு மட்டும் தனியாக ஒரு நன்றி. விடியற்காலையில் பச்சைப்பட்டில் அழகரை ஆற்றுக்குள் நாங்கள் இருவரும் சேர்ந்தே பார்த்தோம்.

தஞ்சாவூர் நடக்கவில்லை. தேர்வு, அப்புறம் வைவா, அப்புறம் பணம். ராஜராஜன் நானூறு பெண்களின் பெயரை, எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், எத்தனையாவது வீடு என்பது வரை, சுவரில் வெட்டி வைத்திருக்கிறார். அதைப் பார்க்க ஐயாவே கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் போகிறோம்.

கடைசியாக அம்மாவுக்கு. அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள் வேலை உண்டு. 'மலை ஏறுறதும் கூத்து பாக்குறதும் என்ன படிப்பு?' என்று சொந்தக்காரர்கள் கேட்டபோதெல்லாம், "அவ கேட்டுத்தான் போறா, நான் சரின்னுதான் அனுப்புறேன்" என்று ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தவர். பட்டமளிப்புக்கு மதுரை வந்தவரை மறுநாள் சமணர்மலைக்குக் கூட்டிப்போனேன். ஐயா தன் டார்ச்சை என்னிடமே விட்டிருந்தார். அவர் பிடித்த மாதிரியே கல்லோடு ஒட்டிப் பிடித்து, வரியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அந்தக் காலத்துலயே அம்மா பேரைப் போட்டிருக்காங்களா?" என்றார்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், தன் பேரை அந்த எழுத்தில் எழுதினால் எப்படி இருக்கும் என்று கேட்டார். அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில், ஆறு வரிகளுக்குக் கீழே இருந்த இடத்தில் எழுதினேன். அந்த இடத்தை மட்டும் பார்த்துக் கிழித்து, நான்காக மடித்து, பஸ் பாஸ் வைத்திருக்கும் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டார்.

மிக்க அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் கணக்குப் பிள்ளை