விட்டுப்போன ஆறு பேர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்து கோவிட் நோய்க்குப் பயன்படுமா என்ற சர்ச்சை குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, அதை டிரம்ப் ஆதரவாளர்களுக்கும் எதிர்ப்பாளர்களுக்கும் நடந்த மோதலாகவே விவரித்தது. எந்த ஆதாரத்தை வைத்து அவர்கள் மோதினார்கள் என்பதைக் கட்டுரையாளர் தொடவே இல்லை.

2020 மார்ச்சில் பிரான்சின் மார்செய் நகரிலிருந்து மருத்துவ ஆய்வாளர் திதியே ராவுல் குழுவினர் இம்மருந்து பலன் தருவதாகச் சொல்லி வெளியிட்ட ஆய்வில், மருந்து பெற்றவர்கள் 26 பேர். முடிவில் கணக்கில் வந்தவர்களோ 20 பேர்தான். விட்டுப்போன ஆறு பேரில் மூவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டிருந்தனர், ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் குமட்டலால் மருந்தை நிறுத்தினார், இன்னொருவர் மருத்துவமனையை விட்டே போய்விட்டார். இதை யாரும் துப்பறிந்து கண்டுபிடிக்கவில்லை, அந்த ஆய்வறிக்கையிலேயே அச்சாகியிருந்தது. தோற்ற மாணவர்களின் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிட்டுத் தேர்ச்சி விழுக்காடு சொல்வதை, நெடுங்காலம் புள்ளியியல் கற்பித்த என்னால் ஏற்க முடியவில்லை. ஆயினும் அம்மாதம் முடிவதற்குள் அமெரிக்க அதிபர் அம்மருந்தைப் புகழ்ந்ததும், அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அவசரகால அனுமதி அளித்ததும் நடந்தேறின.

எதிர்த்தரப்பும் சளைத்ததன்று. மே 22 அன்று லான்செட் மருத்துவ ஆய்விதழில், ஏறத்தாழ 96,000 நோயாளிகளின் தரவு என்று சொல்லி, இம்மருந்து உயிருக்கே ஆபத்து என்ற கட்டுரை வந்தபோது, மார்செய் ஆய்வைக் குடைந்தவர்களில் பலர் இதைக் குடையவில்லை. தரவைத் திரட்டியதாகச் சொன்ன சர்ஜிஸ்பியர் நிறுவனம் அதைத் தணிக்கைக்குத் தர மறுத்ததால், இரண்டே வாரத்தில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

கோவிட் மருந்துகளைச் சோதித்த பிரிட்டனின் ‘ரெகவரி’ என்ற பெரிய மருத்துவமனை ஆய்வில்தான், யாருக்கு மருந்து என்பது குலுக்கல் முறையில் முடிவானது. மருந்து பெற்ற 1,561 பேரில் 27 விழுக்காட்டினரும், பெறாத 3,155 பேரில் 25 விழுக்காட்டினரும் 28 நாட்களுக்குள் இறந்தனர். அதாவது, மருந்தால் பயன் இல்லை. மலிவான மருந்து என்பதால் ஒதுக்கிவிட்டார்கள் என்று இன்றும் வாதிடுவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: அதைப் போலவே பழகிப்போன, மலிவான டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து உயிர் காக்கும் என்று 2020 ஜூன் மாதம் அறிவித்ததும் இதே ஆய்வுதான். மார்செய் ஆய்வறிக்கையோ 2024 டிசம்பரில்தான் திரும்பப் பெறப்பட்டது.

இனி மருந்து ஆய்வுகள் பற்றிய செய்தியில், எத்தனை பேர் குணமானார்கள் என்பதோடு எத்தனை பேர் சேர்ந்தார்கள், இடையில் விலகியவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் தாங்கள் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர்