பிஞ்சுக்காயும் தங்கச்சி பங்கும்

கம்பம்,
வெள்ளிக்கிழமை

மாப்ளே,

கடிதம் கிடைத்தது. இங்கே ரெண்டு நாளாகச் சாரல். கேரளப் பக்கம் வண்டன்மேட்டு ஏலக்காய்த் தோட்டத்தில் நீ சூப்பர்வைசர் ஆனதில் சந்தோஷம். நீ கேட்ட ரெண்டும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை: விளையாத பிஞ்சைப் பறிக்கிற அக்காவிடம் எப்படிச் சொல்வது, பூர்வீகச் சொத்தில் தங்கச்சி பங்குப் பேச்சை அண்ணனிடம் எப்படி எடுப்பது.

முதலில் தோட்டம். எடை போடுகிற இடத்தில், பத்துப் பேர் காய்ப் பையோடு வரிசையில் நிற்கும்போது வாயைத் திறக்காதே. அங்கே அந்த அக்கா சொல்கிற பதில் உனக்கில்லை, வரிசைக்கு. அதற்காக ஒதுக்குப்புறமாகவும் கூப்பிடாதே, அது வேறு பேச்சாகிவிடும். நாலு பேர் கண்ணில் படணும், காதில் விழக்கூடாது. அவ்வளவு தூரம் போதும்.

"நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்று ஆரம்பித்தால் தீர்ந்தது. ஒழுங்காகப் பறித்த ஒரு நாளை அவர் தேட ஆரம்பிப்பார், இன்றைய காயை ரெண்டு பேருமே மறந்துவிடுவீர்கள். பையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, நாலைந்து காயை நகத்தால் பிளந்து காட்டு. விளைந்த காயில் விதை கறுப்பாக இருக்கும், பிஞ்சில் வெள்ளை. "இன்னைக்கு வெள்ளை விதை நிறைய இருக்குக்கா, என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ணு. நாம் சறுக்குவது இந்தப் பத்தில்தான். பதில் வருமுன் நாமே புத்திமதி சொல்லத் தொடங்கிவிடுகிறோம். காரணம் அந்த இடைவெளியில்தான் வரும். கிலோவுக்குக் கூலி என்றால் பிஞ்சும் எடைதானே? அப்படியானால் கோளாறு கூலிக் கணக்கில் இருக்கிறது, அதை முதலாளியிடம் பேசணும். பச்சைக்காய் சுமார் 5 கிலோ உலர்ந்தால் 1 கிலோ. பிஞ்சு சுருங்கி அதுவும் தேறாது, நிறமும் போய்விடும். இதைச் சொன்னால் புரிந்துகொள்ளாத ஆள் குறைவு. அடுத்த சுற்றில் என்ன செய்வது என்று ஒன்றே ஒன்றை மட்டும் முடிவு செய்து அனுப்பு.

மலையாளி மேனேஜரிடம் வேறு ஒரு சிக்கல். நம் 'நீங்க' மரியாதை. மூத்தவரிடம் அவர்கள் 'நிங்ஙள்' என்று சொல்வதில்லை, காதுக்குத் துடுக்காகப் படும். 'சார்', 'சேட்டன்' என்றே வாக்கியத்தை ஓட்டு. 'ஒரு அவசரம் தரணும்' என்று அவர் சொன்னால் வாய்ப்புக் கேட்கிறார், விரட்டவில்லை. 'பட்டி' அங்கே நாய் என்பது உனக்கே தெரியும், ஆண்டிபட்டிக்காரர்கள் பாவம். கூலிப் பேச்சில் யாராவது முல்லைப் பெரியாறை இழுத்தால் பிடி கொடுக்காதே. அணையில் 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொல்லியாச்சு, களத்தில் நீ தனியாகத் தீர்க்க அதில் ஒன்றும் மிச்சமில்லை.

இனி அண்ணன். பொங்கலன்று வேண்டாம், மதினி முன்னால் வேண்டாம், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வேண்டவே வேண்டாம். "பேசணும்" என்று மொட்டையாகச் சொன்னால் மனுஷன் ராத்திரி முழுக்கத் தூங்கமாட்டார். "ஞாயித்துக்கிழமை காலையில அரை மணி நேரம், தங்கச்சி பங்கு விஷயம்" என்று முந்தின நாளே சொல்லிவிடு.

சட்டம் உன் பக்கம்தான். பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குச் சமபங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே வந்துவிட்டது. அதற்குமுன் கல்யாணமாகி அதில் விடுபட்டவர்களை 2005-ன் மத்தியத் திருத்தம் சேர்த்துக்கொண்டது. ஆனாலும் அதை வைத்துத் தொடங்காதே. வக்கீல் வாசனை அடித்ததும் அண்ணன் வக்கீலைத் தேடுவார். அவர் மனசில் இருப்பது, "நான் சுமந்ததுக்குக் கணக்கு இல்லையா" என்பதாகத்தான் இருக்கும். கல்யாணச் செலவு, அப்பா ஆஸ்பத்திரிச் செலவு, தோட்டக் கடன் எல்லாவற்றையும் அவர் வாயாலேயே சொல்லவிட்டு, அவர் கண்ணெதிரே நோட்டில் எழுது. எழுதியதைப் படித்துக் காட்டி, "விட்டது ஏதும் உண்டாண்ணே?" என்று கேள். பங்கு என்ற சொல் அதற்குப் பிறகு வரட்டும்.

குரல் ஏறினால் நிறுத்து. தம்பதிகளின் சண்டையைப் பல வருஷம் ஆராய்ந்த ஜான் காட்மன், படபடப்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும் என்கிறார். சும்மா எழுந்து போனால் அது அவமரியாதை. "ஒரு டீ குடிச்சிட்டுப் பத்தரைக்கு வந்திடுறேண்ணே" என்று நேரம் சொல்லிவிட்டுப் போ. டீக்கடையில் உட்கார்ந்து அடுத்து என்ன சொல்லலாம் என்று ஒத்திகை பார்த்தால் அந்த 20 நிமிடமும் வீண். பேப்பர் படி.

வில்லங்கச் சான்று, பட்டா நகல் ரெண்டையும் பையில் வைத்துக்கொள், அவராகக் கேட்டால் எடு. என்ன ஆனதென்று எழுது, குமுளி ஜீப்பில் கொடுத்துவிட்டாலும் வந்து சேரும்.

உன்
பங்காளி